வெள்ளிக்கிழமை உபயமும் நாலாவது பாராவும்

1983 ஜூலை 19, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். செல்வியின் பள்ளிச் சட்டை காயவில்லை. அடுப்புக்கு மேலே பிடித்து ஈரம் போக்கி அனுப்பினேன். வீட்டுச் செலவுக் கணக்கு நேற்றோடு சரி.

வரும் வெள்ளி கோயிலில் நம் உபயம். ஆடி வெள்ளி கிடைப்பது லேசா? மூன்று வருடம் கேட்டு, இந்த வருடம்தான். மைக் செட் மணியம் வாசலில் வந்து நின்றான். "அக்கா, உபயக்காரவங்க விவரத்த பேப்பர்ல எழுதிக் குடுத்துருங்க. போன வருஷம் தையக்கடைக்காரர் வாயால சொன்னாரு, நான் மாத்திச் சொல்லிட்டேன். இன்னி வரைக்கும் என் சட்டைக்குப் பட்டன் தச்சுத் தர மாட்டேங்குறாரு."

யார் பெயரில் போடுவது என்று இவரைக் கேட்டேன். "என் பேரு எதுக்கு? பஸ் கம்பெனியில ஸ்பேனர் பிடிக்கிறவன். தம்பி பேரப் போடு." சரிதான். கொழுந்தனார் லண்டன் படிப்பு முடித்து, பெரிய வக்கீலிடம் வேலை பழகி, ஈப்போ டவுனில் தனி ஆபீஸ் திறந்து நான்கு மாதம். ஆள் வரத்து இல்லை. பகலில் பேப்பர் படிக்கிறாராம்.

சைக்கிள் கடைக்காரர், முடி வெட்டுகிறவர், எல்லாரும் உபயத்தன்று கடை இருக்கும் இடத்தையும் சேர்த்துத்தான் சொல்லச் சொல்வார்கள். மூன்று தடவை எழுதி அடித்து, நான்காவது சுத்தப் பிரதி:

"இன்றைய உபயம், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாய் பெற்ற பிள்ளை, லண்டன் சென்று சட்டம் படித்த வழக்கறிஞர் ஞானசேகரன் குடும்பத்தார். லாரி மோதினாலும், பஸ் கவிழ்ந்தாலும், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று உங்களை வீட்டை விட்டு விரட்டினாலும், குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு ஐசி நீலமாக மாறாவிட்டாலும் அவரை நாடுங்கள். எடுத்த வழக்கு எதுவும் தோற்றதில்லை. ஏழைகளிடம் கூலி குறைவு. ஆபீஸ் டவுன் பாசார் சந்தைக்கு எதிரே, மாடியில். அம்மன் அருள் அனைவருக்கும்."

சீனத் தவுக்கேயின் மளிகைக் கடைப் போனில் தம்பியைக் கூப்பிட்டு முழுவதும் படித்துக் காட்டினேன். சிரித்தார். "தோத்ததில்லையா? மொத்தமே ரெண்டு கேஸ்தான் அண்ணி."

"ரெண்டும் ஜெயிச்சீங்கள்ல?"

"ஜெயிச்சேன்."

"அப்புறம் என்ன தம்பி?"

மறுபடி சிரிப்பு. "சரி, போடுங்க. வியாழக்கிழம ராத்திரி ஏழு வரைக்கும் தெறந்திருக்கும்னு சேத்துக்குங்க." சேர்த்துக்கொண்டேன். தவுக்கேயின் பெண்டாட்டி வெங்காயம் நிறுப்பதை விட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 22, வெள்ளி

மழை இல்லை. அம்மன் கருணை.

தம்பிக்குப் பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள். தூணோரம் கைகூப்பி நின்றார். மணியம் படித்தான். ஒரு சொல் பிசகவில்லை. "தோற்றதில்லை" என்ற இடத்தில் மட்டும் அவனாக ஒரு நிறுத்தம், பிறகு "தோற்றதே இல்லை". கூட்டம் திரும்பிப் பார்த்தது. தம்பியின் காது சிவந்தது. இவருக்குக் கண் கலங்கியது. புகை என்றார்.

அன்னதானம் முடிவதற்குள் ஆறு பேர் ஆபீஸ் எங்கே என்று கேட்டார்கள். சிம்பாங் பூலாயிலிருந்து வந்த ஒரு அம்மா, கணவனை லாரி அடித்து இரண்டு வருடமாம், யாரிடம் போவது என்று தெரியாமல் இருந்தாளாம். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பாத்திரம் கழுவ ஆள் வரவில்லை. நானும் செல்வியும்.

ஜூலை 26, செவ்வாய்

வெயில். மிளகாய் காயப் போட்டேன்.

மணியம் வெள்ளிக்கிழமை அறிவிப்பைக் காசெட்டில் பிடித்து வைத்திருக்கிறான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே போடுகிறான். "தொண்ட வலிக்குதுக்கா. இதுதான் எல்லாத்துலயும் நல்லா வந்திருக்கு." ரத ஊர்வல வேனிலும் அதுதானாம். எங்கள் புந்தோங் வட்டாரம் முழுக்க என் எழுத்து.

அடுத்த வீட்டு மேரி அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏம்மா, ஒன் கொழுந்தன் மணிக்கொரு தரம் என் அடுப்படிக்குள்ள வாராரு. வயசுக்கு வந்த பொண்ணு இருக்கிற வீடு லா. கொஞ்சம் சொல்லி வையி."

அம்மனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், மனசுக்குள் பெருமை.

ஆகஸ்ட் 18, வியாழன்

மதியம் இரண்டு மணிக்குத் தம்பி வந்தார். அந்த நேரத்தில் வருகிறவர் இல்லை. டை கழுத்தில் அவிழ்ந்து கிடந்தது. சோறு வேண்டாம் என்றார்.

கோலாலம்பூரிலிருந்து கடிதம். வக்கீல்களின் நடத்தையை விசாரிக்கும் குழுவாம். ஆங்கிலம். அகராதி வைத்துக்கொண்டு படிப்பேன் என்றாலும் எழுத்து என் கண்ணில் நிற்கவில்லை. அவரே சொன்னார். வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது. செய்தால் லைசென்ஸை எடுத்துவிடலாம்.

"எது தம்பி விளம்பரம்?"

பையிலிருந்து ஒரு காசெட். புகார் கொடுத்தவர் யார் என்று தெரியாது, தன் வீட்டு ஜன்னலில் வைத்துப் பிடித்திருக்கிறார். நான் காலையில் பக்திப் பாட்டுக் கேட்கும் அதே பெட்டியில் போட்டார். நடுவில் நாய் குரைக்கிறது, மோட்டார் சைக்கிள் போகிறது, அதற்குள் மணியம்: "எடுத்த வழக்கு எதுவும் தோற்றதே இல்லை." நானே எழுதியதுதானா அது? யாரோ சந்தையில் மீன் விற்கிற மாதிரி இருந்தது. நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. கடைசி வரை கேட்க வைத்தார்.

அவர் சொன்னபடி, வக்கீல் செய்யக்கூடாதவை:
பத்திரிகையில் போடக்கூடாது. ரேடியோ கூடாது. ஒலிபெருக்கி கூடாது.
ஆபீஸ் பலகையில் எழுத்து இவ்வளவு பெரிதுக்கு மேல் கூடாது.
டெலிபோன் புத்தகத்தில் மற்றவர் பெயர் அளவே தன் பெயரும்.
ஜெயித்தேன் என்று சொல்லக்கூடாது. மலிவு என்று சொல்லக்கூடாது.

"காசெட்டுன்னு விதியில எழுதியிருக்கா தம்பி?"

"காசெட்டுங்கற வார்த்தையே இல்ல அண்ணி. எந்த வழியா இருந்தாலும் கூடாதுன்னு இருக்கு. நாளைக்கு என்ன மெஷின் வந்தாலும் அது பொருந்தும்."

"அப்ப அந்த சிம்பாங் பூலாய் அம்மா எப்படித் தெரிஞ்சுக்குவா?"

"தேடி வரணும். நாம கூப்பிடக் கூடாது."

சாமியே மேளம் கொட்டித்தான் தெருவுக்கு வருகிறது.

பதினான்கு நாளுக்குள் பதில். அரிசி ஊற வைத்ததை மறந்துவிட்டேன், புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 20, சனி

தம்பி வேலை பழகிய பெரிய வக்கீலின் (இனி பெ.வ.) ஆபீஸ். ஏசி குளிர். வயதானவர், பேச்சு மெல்லிசு. என்னை "அம்மா" என்றார், நாற்காலி போடச் சொன்னார். மரியாதையான மனிதர் என்று நினைத்தேன்.

நான் ஒரு சத்திய வாக்குமூலம் கொடுத்தால் தம்பி தப்பித்துவிடுவார் என்றார். டைப் அடித்தே வைத்திருந்தார்கள். தமிழில் படித்துச் சொன்னார். பாரா 1, நான் யார். 2, உபயம் என்றால் என்ன. 3, எழுதியது நான், கொடுத்தது நான். எல்லாம் உண்மை. பாரா 4: "மேற்படி வாசகம் ஒலிபரப்பாகும் வரை அதைப் பற்றி ஞானசேகரனுக்கு எதுவும் தெரியாது. நான் அவரிடம் கேட்கவும் இல்லை."

தம்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெ.வ.விடம் ஒன்றும் சொல்லவில்லை. மாடிப்படியில் இறங்கும்போதுதான், "தம்பி, நான் போன்ல படிச்சுக் காட்டினேனே."

"அன்னிக்கு எதிர்ல ஆளு உக்காந்திருந்தாரு அண்ணி. எதுவும் காதுல ஏறல."

"வியாழக்கிழம ஏழு மணி சேக்கச் சொன்னீங்களே?"

இரண்டு படி இறங்கினார். "கோயில் மைக்குதானேன்னு நெனச்சேன். அத எவன் கொண்டுபோய்க் குடுப்பான்னு நெனச்சேன்." பிறகு, "கார்ல ஏறுங்க."

அப்படியானால் கூடாது என்பது அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் சிரித்தார். தெரிந்துதான் மாலையைக் குனிந்து வாங்கினார். நான் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது.

ஆகஸ்ட் 22, திங்கள்

மழை, இடி. கரண்ட் இல்லை ஒரு மணி நேரம்.

இவரிடம் சொன்னேன். இவருக்குப் பொய் என்றால் ஆகாது. மிச்சச் சில்லறை அதிகமாக வந்தால் திரும்ப நடந்து போய்க் கொடுக்கிற மனிதர். யோசிக்கக்கூட இல்லை. "கையெழுத்துப் போடு."

"சத்தியம் லா அது."

"தம்பி படிப்புக்காக எட்டு வருஷம் ஓவர்டைம் பாத்தேன். தீபாவளி அன்னிக்குக்கூட பஸ்ஸுக்கு அடியில கெடந்தேன். அது சத்தியம் இல்லியா?"

மெழுகுவத்தியைத் தேடி ஏற்றினேன்.

மேரி அக்காவிடம் ஆளைச் சொல்லாமல் கேட்டேன், பொய்ச் சத்தியம் செய்தால் உங்களில் என்ன ஆகும் என்று. "பாதர்கிட்டப் போயி பாவமன்னிப்பு கேக்கணும். ஒங்கள்ல யாருகிட்டப் போவீங்க?" நேராக அம்மனிடமே போக வேண்டியதுதான் என்றேன். "அது இன்னும் கஷ்டம் லா. பாதர்னா நடுவுல ஒரு தட்டி இருக்கு."

முடிவு செய்தேன். கையெழுத்துக்கு முத்திரை வைக்கும் அதிகாரி "இது உண்மைதானா?" என்று என்னைக் கேட்பார். கேட்டால், நாலாவது பாரா தவிர மற்றது உண்மை என்று சொல்லிவிடுவது. கேட்கிறவருக்குப் பொய் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 24, புதன்

சத்தியப் பத்திரத்துக்கு முத்திரை வைக்கும் அதிகாரி. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு காற்றாடி. எனக்கு முன்னால் ஏழு பேர். மனசுக்குள் ஒத்திகை: "ஐயா, நாலாவது பாரா..."

என் முறை. ஐசியைப் பார்த்தார். "சைன் சினி." விரலால் இடத்தைக் காட்டினார். போட்டேன். முத்திரை. டப், டப். அடுத்த ஆள்.

அவ்வளவுதான். தலையைத் தூக்கவே இல்லை. என் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

கறிவேப்பிலை, தேங்காய் இரண்டு, வாங்க மறந்தது சீரகம்.

இன்று விளக்கை செல்வியை ஏற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். தலைவலி என்றேன். இது இரண்டாவது.

செப்டம்பர் 14, புதன்

தம்பி வந்தார். பேப்பரை மட்டும் வைத்து முடிவு சொல்லமாட்டார்களாம். அக்டோபர் 6 நேரில் விசாரணை. அவரையும். என்னையும்.

என்னை எதற்கு? "எழுதினது நீங்கதானே. கேக்கத்தான் செய்வாங்க. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பாங்க, பயப்படாதீங்க. ரெண்டே வார்த்தை அண்ணி. 'அவருக்குத் தெரியாது.' அதுக்கு மேல ஒண்ணும் பேசாதீங்க."

இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மெலிந்துவிட்டார். சட்டைக் காலரில் இரண்டு விரல் நுழையும். சிம்பாங் பூலாய் அம்மாவின் கேஸை எடுத்துக்கொண்டாரா என்று கேட்டேன். "எடுக்க முடியாது. மைக்கு கேட்டு வந்தவங்க. எடுத்தா இன்னும் தப்பு." அந்த அம்மா இரண்டு தடவை மாடியேறி வந்து திரும்பிப் போனாளாம்.

அதையும் நான்தான் கெடுத்தேன்.

செப்டம்பர் 27, செவ்வாய்

புரட்டாசி. கவிச்சி இல்லை. பாவக்காய், பருப்பு.

மாவாட்டும்போது சொல்லிப் பார்த்தேன். அவருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியாது. செல்வி, "யாருக்கும்மா தெரியாது?" என்றாள்.

ஒன்று தோன்றுகிறது. கையெழுத்துப் போட்டாயிற்று. இனி உண்மையைச் சொன்னாலும் அந்தக் கையெழுத்து பொய்தான். நான் ஏற்கெனவே நனைந்தவள். அந்தப் பிள்ளையாவது நனையாமல் போகட்டும். இது சரியா? அம்மன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய்தான் மினுங்குகிறது.

அக்டோபர் 7, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நேற்றையதை இன்று எழுதுகிறேன்.

காலை ஐந்துக்குக் கிளம்பி, தம்பியின் காரில் கோலாலம்பூர். வழியெல்லாம் மூடுபனி. நீளமான வராந்தா, மர பெஞ்சு. அவரைக் கறுப்புக் கோட்டில் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றைப் பூசிக்கொண்டு, உதட்டுக்குள் அம்மனைக் கூப்பிட்டபடி இருந்தேன். தம்பி ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பெயர் கூப்பிட்டார்கள், அவர்தான் முதலில். உள்ளே போனார். நாற்பது நிமிடம். வேறு கதவு வழியாக வெளியே விட்டிருக்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

பிறகு நான். மேஜைக்குப் பின்னால் நான்கு பேர். நடுவில் வெள்ளைத் தலைக்காரர். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண், சின்ன வயசு, "பயப்படாம சொல்லுங்கம்மா" என்றாள்.

எழுதியது யார்? நான். மணியத்திடம் கொடுத்தது யார்? நான். அவருக்கு முன்கூட்டித் தெரியுமா?

"அவருக்குத் தெரியாதுங்க."

போனில் படித்துக் காட்டினீர்களா?

போன் என்று இவர்களுக்கு யார் சொன்னது? "இல்லீங்க. எங்க வீட்ல போனே இல்லீங்க."

வியாழக்கிழமை ஏழு மணி என்று எப்படி எழுதினீர்கள்?

"வியாழக்கிழம மட்டும் சாப்பிட லேட்டா வருவாருங்க. அத வச்சு நானே எழுதினேன்."

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தானாக வந்தது. தடங்கல் இல்லாமல், உப்புப் புளி சரியாக. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுதியவள் நான். கேட்டார்கள். மூன்று தடவை கேட்டார்கள்.

வெள்ளைத் தலைக்காரர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மெதுவாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் உடனே மொழிபெயர்க்கவில்லை. அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மா... ஒங்க கொழுந்தனாரு இப்பத்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரு. நீங்க போன்ல படிச்சது, வியாழக்கிழமைய அவரே சேக்கச் சொன்னது, எல்லாம். நீங்க போலாம்."

எழுந்தேன். கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அந்தப் பெண்தான் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டாள்.

திரும்பும் வழியில் தாப்பாவில் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி, "வராண்டாவுல நீங்க கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உள்ள போனா பொய் வாயில வரல அண்ணி. ஒங்களயும் பொய் சொல்ல விடக் கூடாதுன்னுதான் நான் சொல்லிட்டேன். நீங்க எப்படியும் உண்மையத்தான் சொல்வீங்கன்னு..."

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினேன். புரிந்துகொண்டார்.

"சொல்லலியா?"

"சொல்லல தம்பி."

லாரி ஒன்று போனது, அடுத்து ஒன்று.

"லைசென்ஸ்?" என்றேன்.

"மைக்குக்கு மட்டும்னா கண்டிச்சு விட்டிருப்பாங்களாம். அந்தப் பெரியவர் வாயாலயே சொன்னாரு. புதுசு, கோயில், குடும்பம்னு. இப்ப அந்தப் பேப்பருதான். பொய்ன்னு தெரிஞ்சு எழுதி வாங்கினேன்ல." கார்ச் சாவியைத் திருகிக்கொண்டே, "அதையும் ஒத்துக்கிட்டேன். முடிவு கடிதத்துல வரும். இந்த லைன்ல இருப்பேனான்னு தெரியல."

என் கையெழுத்து. நான் அன்றைக்குப் போடாமல் இருந்திருந்தால் ஒரு கண்டிப்பு. அவ்வளவுதான்.

வெயில் சாயும்போது வீடு. இவர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். வேலைக்குப் போகவில்லை போலும். தம்பியிடம்தான் கேட்டார், "என்னடா ஆச்சு? அண்ணி சரியாச் சொன்னாளா?"

தம்பி ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அண்ணி என்ன விட்டுக் குடுக்கல அண்ணே."

"எனக்குத் தெரியும் லா!" தம்பியின் முதுகில் ஓங்கித் தட்டினார். மாதக்கணக்கில் அப்படி ஒரு சிரிப்பு அவர் முகத்தில் பார்க்கவில்லை. தேத்தண்ணி போடு என்றார். தம்பி என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய் தண்ணீரை அடுப்பில் வைத்தேன்.